பதினெட்டுக்கு ஒன்பது

மலையில் சமதரைக்கு இருக்கும் மதிப்பு கீழே இருப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. நீலகிரியில் பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி பக்கம் வந்து பாருங்கள். ஒரு வீடு கட்டுவதென்றால் முதலில் மேட்டை வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி, அது சரியாமல் இருக்கத் தடுப்புச்சுவர் எழுப்ப வேண்டும். அதற்கப்புறம்தான் அஸ்திவாரம். இப்படிப்பட்ட ஊரில் விளையாடுவதற்கென்று யார் இடம் விடுவார்கள்?

ஒரு கால்பந்து மைதானம் 105-க்கு 68 மீட்டர், ஏறத்தாழ ஒன்றேமுக்கால் ஏக்கர். கிரிக்கெட்டுக்கு அதைவிடக் கூடுதல். வாலிபால் கோர்ட் 18-க்கு 9 மீட்டர். நான்கு பக்கமும் ஓடுவதற்கு மூன்று மீட்டர் விட்டாலும் ஒன்பது சென்டுக்குள் அடங்கிவிடும். கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால், கோயில் முற்றத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், ஃபேக்டரிக்குப் போகும் வளைவில் லாரி திருப்ப விட்ட இடத்தில் என்று எங்கள் பக்கம் ஒன்பது சென்ட் கிடைத்த இடத்திலெல்லாம் இரண்டு சில்வர் ஓக் கம்பம் நிற்கும். பள்ளத்துப் பக்கம் மட்டும் உயரமாக ஒரு மீன் வலை. அது இல்லாவிட்டால் பந்து தேயிலைக்குள் உருண்டு போய்விடும். தேடி எடுத்து வருவதற்குள் இருட்டிவிடும். இருட்டினால் இங்கே யாரும் வெளியே நிற்க முடியாது, யானை வரும்.

நாடுகளுக்கிடையே நடக்கும் பெரிய வாலிபால் போட்டிகளை நான் இந்த ஒன்பது சென்டில் நின்றுதான் பார்க்கிறேன். இது சிறிய இடத்துக்கென்றே அமைந்த ஆட்டம் என்று உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கையோடு பார்க்கும்போது, இந்தியா ஏன் அந்தப் போட்டிகளில் இல்லை என்ற கேள்வி வலிக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கம் இந்த ஆட்டம் வேர்விட இடப் பற்றாக்குறை மட்டும் காரணமில்லை. அப்பா இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவு. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கியதுதான் டேன்டீ என்ற இன்றைய அரசுத் தேயிலைத் தோட்டங்கள். எங்கள் குடும்பமும் அந்த வழியில்தான் இங்கே வந்தது. அப்பா இப்போதும் சொல்வார்: “அங்கேயும் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால ஒரு கோர்ட் இருக்கும்ப்பா. இங்க வந்து எறங்கினதும் நாங்க முதல்ல தேடினது அதைத்தான். இல்லேன்னதும் நாங்களே மண்வெட்டியை எடுத்துட்டோம்.”

இலங்கைக்கு வாலிபால் 1916-ல் கொழும்பு ஒய்.எம்.சி.ஏ. வழியாக வந்தது. 1991-ல் அதையே தேசிய விளையாட்டாக அறிவித்தார்கள். நம் பக்கமும் ஒய்.எம்.சி.ஏ.தான். 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்த ஆசிரியர்கள் போன ஊரெல்லாம் வலை கட்டினார்கள். அமெரிக்காவில் 1895-ல் வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கியதும் ஒரு ஒய்.எம்.சி.ஏ. கூடத்துக்குள்தான். கூடத்துக்குள் விளையாடுவதற்காகப் பிறந்ததால்தான் இவ்வளவு சிறிய இடம் போதுமாக இருக்கிறது.

அந்த ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு ஆறு நாள் முன்புதான் டோக்கியோ ஒலிம்பிக் முடிந்திருந்தது. வாலிபால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது அந்த முறைதான். ஆண்கள் பிரிவில் சோவியத் யூனியன் தங்கம், செக்கோஸ்லோவாக்கியா வெள்ளி, ஜப்பான் வெண்கலம். எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று இரண்டு அரசுகள் பேசி முடித்த அதே மாதம் அது. எனக்கு இந்த இரண்டு செய்திகளையும் பிரித்து நினைக்க முடிவதில்லை.

இன்னொரு பக்கம் கேரளம். கூடலூரைத் தாண்டினால் வயநாடு. அங்கே வாலிபாலுக்குக் கூடும் கூட்டம் தனி. கமுகு மரத்தில் கட்டிய காலரி, மின்விளக்கு, விடிய விடிய ஆட்டம். எங்கள் மூத்தவர்கள் அங்கே ஆடப் போய்த்தான் உண்மையான ஸ்மாஷ் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டு வந்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2025 செப்டம்பரில் ஆண்கள் உலக சாம்பியன்ஷிப் பிலிப்பைன்ஸில் நடந்தது. 12-ஆம் தேதி தொடங்கி 28 வரை. முன்பு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, 24 அணிகள். இந்த முறையிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 32 அணிகள். செப்டம்பர் எங்களுக்கு மழை முழுதாக விடாத மாதம். கோர்ட் சேறாகக் கிடக்கும், மாலையில் வேறு வேலை கிடையாது. மணிலா நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் இருப்பதால் அங்கே இரவு ஆட்டம் நமக்கு மாலையிலேயே வந்துவிடும். சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஒரு கடைத் திண்ணை இருக்கிறது. ஒரே போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துப் பையன்கள் எல்லாரும் பார்த்தோம்.

அந்தப் போட்டி ஒவ்வொரு நாளும் ஒரு பெரிய பெயரைக் கீழே தள்ளியது. டோக்கியோ, பாரிஸ் என்று தொடர்ந்து இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரான்ஸ் குரூப்பிலேயே வெளியேறியது. பிரேசிலும் அப்படியே. ஆசியாவின் பெருமையான ஜப்பானும் அப்படியே. கடைசியில் கோப்பையை வாங்கிய இத்தாலியே குரூப்பில் பெல்ஜியத்திடம் ஐந்து செட்டில் தோற்றது. பிறகு காலிறுதியில் அதே பெல்ஜியத்தை நேர் செட்டில் வென்றது. போட்டியை நடத்திய பிலிப்பைன்ஸ் எகிப்தைத் தோற்கடித்து உலக சாம்பியன்ஷிப்பில் தன் முதல் வெற்றியைப் பெற்றது. அடுத்து ஈரானை ஐந்து செட் வரை இழுத்தது. பிலிப்பைன்ஸ் கூடைப்பந்துக்காக உயிரை விடும் நாடு. அங்கே அன்று ஆண்கள் வாலிபாலுக்கு எழுந்த சத்தத்தைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் எங்கள் திண்ணை முழுதாகச் சாய்ந்தது பல்கேரியா பக்கம். மக்கள்தொகை ஏறத்தாழ 64 லட்சம். இரண்டு கோவை மாவட்டத்தைச் சேர்த்தால் அதைவிட அதிகம் வரும். 1970-ல் சொந்த மண்ணில் இறுதிக்கு வந்து கிழக்கு ஜெர்மனியிடம் தோற்றதற்குப் பிறகு 55 ஆண்டாக அவர்கள் அந்த இடத்தை எட்டவில்லை. இந்த முறை காலிறுதியில் அமெரிக்காவிடம் முதல் இரண்டு செட்டை இழந்துவிட்டு அடுத்த மூன்றையும் எடுத்தார்கள். அரையிறுதியில் செக் குடியரசு. அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் சிமியோன் நிகோலோவுக்கு அப்போது 18 வயது. அவன் அண்ணன் அலெக்சாந்தர் அதே அணியில் முக்கிய அடிப்பவன். அப்பா விளாதிமிர் நிகோலோவ் 2006 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்ற பல்கேரிய அணியில் ஆடியவர். அண்ணன் தம்பி சேர்ந்து ஆடுவது எங்கள் ஊர்க் கோர்ட்டில் தினமும் நடப்பது. தம்பி தூக்கிக் கொடுக்க அண்ணன் அடிப்பதை உலக இறுதியில் பார்த்ததும் பையன்கள் அதைத் தங்கள் வீட்டு விஷயமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. இத்தாலி 25-21, 25-17, 17-25, 25-10 என்று வென்றது. கடைசி செட்டை மறுபடி பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது செட்டில் 25-17 என்று அடித்து எழுந்த ஒரு அணி அடுத்த செட்டில் எப்படிப் பத்துப் புள்ளியோடு முடிந்தது? அடிப்பவர்கள் அதே ஆட்கள்தான், குதிக்கும் உயரமும் குறையவில்லை. உடைந்தது முதல் தொடல்.

வாலிபாலை எப்போதாவது பார்ப்பவர்கள் ஸ்மாஷைத்தான் பார்ப்பார்கள். அதில் தப்பில்லை, கண்ணை இழுப்பது அதுதான். ஆனால் அந்த ஸ்மாஷுக்கு இரண்டு தொடல் முன்னால் ஆட்டம் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. இன்றைய ஆண்கள் ஆட்டத்தில் ஜம்ப் சர்வீஸ் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வரும். எதிர்ப் பக்கத்தில் வாங்குபவனுக்குக் கிடைப்பது அரை விநாடி. அந்த அரை விநாடியில் இரண்டு முன்கையையும் சேர்த்துப் பலகையாக்கி, வேகத்தை உறிஞ்சி, பந்தை வலைக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் செட்டர் நிற்கும் இடத்துக்கு மேலே போய் இறங்கும்படி அனுப்ப வேண்டும். அப்படிப் போனால் செட்டருக்கு நான்கு வழி திறக்கும். நடுவில் ஷார்ட் என்ற தாழ்வான வேகப் பந்து, இடது ஓரம், வலது ஓரம், பின்வரிசையிலிருந்து பைப் என்ற அடி. வலைக்கு மேல் கை நீட்டித் தடுக்கும் எதிரணி பிளாக்கருக்கு யார் அடிக்கப் போகிறார்கள் என்று தெரியாது. ஒரு ஆள் பிளாக்கோ, பாதி பிளாக்கோதான் எழும்பும்.

முதல் தொடல் இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் நடுவழி மூடிவிடும். நான்கு மீட்டர் தள்ளிப் போனால் ஓரத்துக்கு உயரமாகத் தூக்குவது ஒன்றுதான் மிச்சம். மூன்று பேர் பிளாக் அங்கே தயாராகக் காத்திருக்கும். அந்தப் பந்தை அடிப்பவன் எவ்வளவு உயரமாகக் குதித்தாலும் சுவரில்தான் அடிக்கிறான். அந்த நாலாவது செட்டில் பல்கேரியா இப்படித்தான் மாட்டிக்கொண்டது. இத்தாலியின் சர்வீஸ் விழுந்துகொண்டே இருந்தது. 18 வயதுப் பையன் கோர்ட்டின் நடுவுக்கு ஓடி ஓடிப் பந்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். எதிர்ப் பக்கத்தில் இத்தாலியின் செட்டர் ஜன்னெல்லி நின்ற இடத்திலேயே நின்று பங்கிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அருமையான செட்டர்கள். ஒருவர் கைக்குப் பந்து வந்தது, இன்னொருவர் பந்தைத் தேடிப் போனார்.

இத்தாலியின் பயிற்சியாளர் ஃபெர்தினாந்தோ தெ ஜோர்ஜியும் ஒரு செட்டர்தான். 1990, 1994, 1998 என்று ஆட்டக்காரராக மூன்று முறை உலக சாம்பியன், பயிற்சியாளராக 2022, 2025 என்று இரண்டு முறை. இத்தாலி வென்ற ஐந்து உலகப் பட்டத்திலும் அவர் இருக்கிறார். எதிர் பெஞ்சில் நின்ற பல்கேரியாவின் பயிற்சியாளர் ப்ளெஞ்சினியும் இத்தாலிக்காரர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இத்தாலிக்கு வெள்ளி வாங்கிக் கொடுத்தவர். ஒரு நாட்டில் ஒரு ஆட்டம் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தால் உலக இறுதியின் இரண்டு பெஞ்சுக்கும் ஆள் அனுப்ப முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த இத்தாலிக்கும் எங்கள் மலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. வயநாட்டு மலையிலிருந்து கண்ணூர்ப் பக்கம் இறங்கினால் பேராவூர். ஜிம்மி ஜார்ஜின் ஊர். எட்டு அண்ணன் தம்பிகள். எல்லாரும் சேர்ந்தால் ஒரு அணிக்குமேல் ஆள் இருக்கும். 1980-களில் ஜிம்மி இத்தாலியக் கிளப்புகளுக்காக ஆடினார். இத்தாலி முதன்முதலாக உலகப் பட்டம் வென்றது 1990-ல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த லீக் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்த்து, அவர்களோடு தன் பையன்களை மோத விட்டு வளர்ந்துகொண்டிருந்தது. அப்படி அது தேடிச் சேர்த்தவர்களில் ஒருவர் மலபார் மலையடிவாரத்துப் பையன். 1987 நவம்பர் 30-ல் இத்தாலியில் நடந்த கார் விபத்தில் அவர் இறந்தபோது வயது 32. மோந்திகியாரி என்ற ஊரில் உள்ளரங்கத்துக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். கூடலூர்க் கடைகளில் வயதானவர்கள் இன்னும் அவரை நேற்று ஆடிவிட்டுப் போனவர்போல் பேசுவார்கள். காற்றில் அப்படியே நின்றுவிட்டு, பிளாக் கீழே இறங்கிய பிறகு அடிப்பாராம். நான் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

அவர் இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, 1986 சோல் ஆசிய விளையாட்டில், இந்தியா ஜப்பானை வீழ்த்தி வெண்கலம் வென்றது. ஜிம்மி, சிரில் வல்லூர், உதயகுமார் இருந்த அணி. அதற்கும் முன்னால் போனால் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் வெண்கலம், 1962 ஜகார்த்தாவில் வெள்ளி. அர்ஜுனா விருது தொடங்கிய 1961-லேயே வாலிபாலுக்காக அதைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. பிறகு நம் ஜி.இ. ஸ்ரீதரன், ஆட்டத்துக்காக அர்ஜுனாவும் பயிற்சிக்காகத் துரோணாச்சாரியாரும் பெற்றவர். ஆசியாவில் நாம் இரண்டாவதாக இருந்திருக்கிறோம். இதைச் சொன்னால் இன்றைய பையன்கள் ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? உயரம் இல்லை, உணவு இல்லை, காசு இல்லை என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஈரானைப் பாருங்கள். 1958-ல் அவர்கள் வெள்ளி, நாம் வெண்கலம். 1962-ல் நாம் வெள்ளி. அதாவது இரண்டு நாடும் ஒரே வரிசையில் நின்றவை. 2011-ல் ஈரான் ஹூலியோ வெலாஸ்கோவைப் பயிற்சியாளராக அழைத்து வந்தது. 1990-லும் 1994-லும் இத்தாலியை உலக சாம்பியன் ஆக்கியவர் அவர். 2013-ல் ஈரான் முதன்முதலாக உலக லீக்கில் ஆடியது, 2014-ல் அதிலேயே நான்காம் இடம். 2014, 2018, ஹாங்சோவில் நடந்த அடுத்தது என்று மூன்று ஆசிய விளையாட்டுத் தங்கம். திடீரென்று ஈரான்காரர்கள் வளர்ந்துவிடவில்லை. தங்களைவிடப் பலமான அணியோடு ஆண்டுதோறும் மோதும் இடத்துக்கு வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த உலக லீக்தான் 2018 முதல் நேஷன்ஸ் லீக் ஆனது. இப்போது 18 அணிகள். முதல் கட்டத்திலேயே ஒவ்வொரு அணிக்கும் 12 ஆட்டம், மூன்று வாரம், வேறு வேறு ஊர். ஒரு கோடையில் போலந்து, பிரேசில், இத்தாலி, ஸ்லோவேனியா என்று வரிசையாக நிற்கும். ஜப்பான் 2023-ல் அதில் வெண்கலம், 2024-ல் வெள்ளி வாங்கியது. அந்த 120 கிலோமீட்டர் சர்வீஸை ஒரு கோடை முழுக்க வாங்கியவன் கையும், வருடத்தில் எப்போதாவது ஒரு நாள் வாங்கியவன் கையும் ஒன்றாக இருக்காது. முதல் தொடலை மைதானத்தில் தனியாக நின்று கற்றுக்கொள்ள முடியாது. எதிரே நல்ல சர்வீஸ் போடுகிறவன் வேண்டும். நமக்கு இல்லாதது அவன்தான்.

இதற்கு என் சாட்சி ஹாங்சோ. 2023 செப்டம்பர் 20, தொடக்க விழாவுக்கே இன்னும் மூன்று நாள் இருந்தது. இந்தியாவும் தென்கொரியாவும். கொரியா அதற்கு முந்தைய ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற அணி. முதல் செட் 25-27 என்று போனது. இரண்டாவது 29-27 நமக்கு. மூன்றாவது 25-22 நமக்கு. நான்காவது 20-25. ஐந்தாவது செட்டில் 17-15. அமித்தும் அஸ்வல் ராயும் அடித்தார்கள். செட்டர் இடத்துக்கு இந்திய அணி வைத்திருந்த இருவரும், உக்கிரபாண்டியன் மோகனும் முத்துசாமி அப்பாவும், நம் தமிழ்நாட்டுப் பையன்கள். அந்த இரண்டரை மணி நேரத்தில் இந்திய அணி கொரியாவின் சர்வீஸைப் படிக்கக் கற்றுக்கொண்டே ஆடியது. முதல் செட்டில் தடுமாறிய கைகள் இரண்டாவது செட்டின் முடிவில் நிதானத்துக்கு வந்தன. கற்றுக்கொள்ளும் திறன் இல்லாத அணிக்கு இது நடக்காது. அடுத்து சீன தைபேயையும் நேர் செட்டில் வென்றோம். பிறகு ஜப்பானிடம் தோற்றோம். ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் பாகிஸ்தானிடமும் தோற்று ஆறாவதாக முடித்தோம். அந்த ஆறாம் இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, கொரியாவை வென்றதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

மலைக்காரன் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பந்தலூர் பக்கத்துப் பையன்கள் மாவட்டப் போட்டிக்கு ஊட்டி போனால் முதல் நாள் சர்வீஸ் எல்லாம் கோட்டைத் தாண்டிப் போகும். பதற்றம் என்று நினைப்பார்கள். காரணம் காற்று. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஜம்ப் சர்வீஸில் பந்தை முன்னோக்கிச் சுழற்றி அடிப்பதே அது எதிர்க்கோட்டுக்குள் சட்டென்று இறங்கத்தான். இறக்கிவிடுவது காற்று. காற்று மெலிந்தால் அந்த இறக்கமும் குறையும், பந்து நீண்டுவிடும். சுழலே இல்லாமல் போடும் ஃப்ளோட் சர்வீஸ் கீழே அலைந்து அலைந்து வரும், மேலே அந்த ஆட்டம் குறையும். பந்துக்குள்ளும் மாறுதல் உண்டு. விதிப்படி அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ. கோவையில் அந்த அளவுக்குக் காற்றடைத்து மேலே கொண்டுவந்தால், வெளியே அழுத்தம் குறைந்திருப்பதால் ஊட்டியில் அது 0.40-ஐத் தாண்டிவிடும். பந்து கல்லாக இருக்கும், முன்கையில் பட்டதும் தெறிக்கும். ஊட்டிக்குப் போகிற அணி முதலில் பந்தில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, சர்வீஸ் ஆட்கள் அரை மணி நேரம் முன்னால் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

இதே உயரத்தில் இருக்கும் பெரிய நகரம் மெக்சிகோ சிட்டி. 1968 ஒலிம்பிக் அங்கே நடந்தபோது தங்கம் வென்ற சோவியத் அணி முதல் ஆட்டத்தில் அமெரிக்காவிடம் தோற்றது. 1974 உலக சாம்பியன்ஷிப்பும் மெக்சிகோவில்தான். ஹூபர்ட் வாக்னர் என்ற கண்டிப்பான பயிற்சியாளரின் கீழ் போலந்து முதன்முதலாக உலகப் பட்டம் வென்றது அந்த முறைதான். இரண்டு ஆண்டு கழித்து மாண்ட்ரியாலில் ஒலிம்பிக் தங்கமும் அவர்களுக்கு. 2014 உலக சாம்பியன்ஷிப் போலந்தில் தொடங்கியபோது வார்சா கால்பந்து அரங்கத்தில் 60,000 பேருக்கு மேல் உட்கார்ந்து வாலிபால் பார்த்தார்கள். 2027 சாம்பியன்ஷிப் மறுபடி அங்கேதான். ஒன்பது சென்ட் ஆட்டத்துக்கு அவ்வளவு கூட்டம்!

நம் நாட்டிலும் 2022 முதல் பிரைம் வாலிபால் லீக் நடக்கிறது. நல்ல வெளிச்சம், நல்ல ஒளிபரப்பு, பையன்களுக்குச் சம்பளம், வெளிநாட்டு ஆட்டக்காரர்களோடு ஆடும் வாய்ப்பு. இதெல்லாம் முன்பு இல்லாதவை, மனதார வரவேற்கிறேன். ஒரு குறை மட்டும் உண்டு. அங்கே செட்டுக்கு 15 புள்ளி. தொலைக்காட்சிக்கு அது வசதி. ஆனால் உலகம் ஆடுவது 25. பதினைந்தில் ஒரு நல்ல சர்வீஸ்காரன் ஐந்து புள்ளி எடுத்துவிட்டால் செட் போய்விடும், வாங்கும் அணிக்குத் தன்னைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காது. கொரியாவிடம் நாம் வென்ற இரண்டாவது செட் 29 வரை போனது. அந்த நிதானம் பதினைந்தில் வராது. அப்பா காலத்து 15 வேறு. சர்வீஸ் வைத்திருக்கும் பக்கத்துக்கு மட்டுமே புள்ளி என்பதால் ஒரு செட்டே முக்கால் மணி நேரம் இழுக்கும். 1990-களின் இறுதியில் அது மாறி, ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்று ஆனது. எண் ஒன்றுதான், பொறுமை வேறு.

எங்கள் பக்கத்துப் பொங்கல் டோர்னமெண்டிலும் சில வருடமாக 15 புள்ளிதான். நிறைய அணி வருகிறது, ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பது கமிட்டியின் கணக்கு. உலக சாம்பியன்ஷிப் முடிந்த அடுத்த வாரம் கமிட்டிக் கூட்டத்தில் நான் இதை எழுப்பினேன். “அரையிறுதியும் இறுதியும் மட்டுமாவது 25 வைங்கண்ணே, அஞ்சு செட் ஆடட்டும்” என்றேன். கமிட்டித் தலைவராக இருக்கும் அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “நீ சொல்றது சரிதான் தம்பி. ஆனா ஆட்டம் ஏழு மணி தாண்டினா சனங்க எப்படி வீட்டுக்குப் போவாங்க? மேல் டிவிஷன் ரோட்டுல யானை நிக்குது” என்றார். நியாயமான கேள்வி. யாரும் அதைத் தட்டிப் பேசவில்லை.

அப்பா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். “அப்ப ரெண்டு நாளா வைங்க” என்றார். “முதல் நாள் மத்த ஆட்டம் எல்லாம். மறுநாள் காலைல ஒன்பது மணிக்கு செமி, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஃபைனல். அஞ்சு செட் போனாலும் அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சிரும்.”

கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சாப்பாட்டுச் செலவு ஒரு நாள் கூடும், நடுவர்களை மறுநாளும் தங்க வைக்க வேண்டும். அதற்கு ஃபேக்டரிப் பக்கத்துக் கடைக்காரர்கள் மூன்று பேர் பணம் தருவதாகச் சொன்னார்கள். அடுத்த பொங்கலுக்கு அரையிறுதியிலிருந்து 25 புள்ளி, ஐந்து செட் என்று நோட்டீஸில் அச்சடிக்க முடிவானது. வயநாட்டிலிருந்து இரண்டு அணியைக் கூப்பிடுவது என்றும் பேசியிருக்கிறோம். அவர்களிடம் நல்ல ஜம்ப் சர்வீஸ்காரர்கள் இருக்கிறார்கள்.

பையன்கள் இப்போது மாலையில் ஸ்மாஷ் அடிப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் சர்வீஸ் வாங்குகிறார்கள். சர்வீஸ் போடுகிறவன் கோர்ட்டுக்குள்ளேயே மூன்று மீட்டர் முன்னால் வந்து ஒரு பெஞ்சின்மேல் நின்று அடிக்கிறான், பந்து வேகமாக வந்து விழுவதற்காக.